முதுமையும் தொடுதிரையும்

நுழையும்முன்

கற்றலுக்கு அகவை வரம்பு இல்லை என்று சொல்வது எளிது. எழுபது வயதைக் கடந்த ஒருவர் கையில் திறன்பேசியைக் கொடுத்து, அருகில் அமர்ந்து, அவர் தாமாகவே ஒரு செயலைச் செய்து முடிக்கும்வரை பொறுத்திருப்பது கடினம். வங்கி, நியாயவிலைக் கடை, தொடர்வண்டி நிலையம் எனப் பல இடங்களிலும் மனிதர் இருந்த இடத்தில் திரை வந்துவிட்ட காலம் இது. அத்திரையின்முன் தயங்கி நிற்கும் மூத்தோர்க்குக் கற்பிக்கும் முறையையும், அதில் நேரும் இடர்களையும் இப்பாடம் பேசுகிறது.

பிறர் கையில் ஒரு கணக்கு

சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். மாதத்தின் முதல் வாரம். எழுபத்திரண்டு வயது மூதாட்டி ஒருவரின் பழைய கைப்பேசி ஒருமுறை ஒலித்து அடங்குகிறது. முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் வங்கிக் கணக்கில் சேர்ந்துவிட்டது என்னும் குறுஞ்செய்தி அது. செய்தி ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் இருந்தாலும் அவரால் படிக்க இயலாது. எண்களை மட்டும் நன்றாக அறிவார். சந்தையில் கீரை விற்றுக் கணக்குப் பார்த்தவர் அவர்.

பற்று அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு அடுத்த தெரு இளைஞனைத் தேடிச் செல்கிறார். அட்டையின் இரகசிய எண் அவனுக்குத் தெரியும். அட்டையின் உறைமேலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. சில மாதங்களில் 1,200 ரூபாயும் கைக்கு வரும். சில மாதங்களில் 1,000 ரூபாய்தான் வரும். “மிசின்ல இவ்வளவுதான் வந்துச்சு, அப்பத்தா” என்பான் அவன். அப்பத்தா மறுபேச்சுப் பேசுவதில்லை. கேட்டுவிட்டால் அடுத்த மாதம் அவன் துணைக்கு வரமாட்டான் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த இருநூறு ரூபாய் அவருக்கு ஒரு மாத மாத்திரைச் செலவு. ஆயினும் இழப்பு அத்தொகையோடு நிற்பதில்லை. தம் பணம் எவ்வளவு என்பதைத் தாமே அறிய முடியாத நிலையில், அறுபது ஆண்டுகள் தம் உழைப்பால் வாழ்ந்த ஒருவர் கேள்வி கேட்கும் உரிமையை இழந்துவிடுகிறார். முதியோர்க்கு இணையமும் எண்ணிமக் கருவிகளும் கற்பிப்பதைப் பொழுதுபோக்குக் கலையைக் கற்பிப்பதுபோல் எண்ணுவோர், இந்த மூதாட்டியின் மௌனத்தைக் கணக்கில் கொள்வதில்லை.

அறியாமை எங்கே இருக்கிறது?

இந்தியாவில் முதல் கைப்பேசி அழைப்பு 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் நிகழ்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியது. 1950ஆம் ஆண்டு பிறந்தவர்க்கு அப்போது வயது நாற்பத்தைந்து. அதற்குள் அவர் வாழ்வின் பெரும்பகுதி அஞ்சலட்டையிலும் தந்தியிலும் ‘டிரங்க் கால்’ எனப்பட்ட வெளியூர் அழைப்பிலும் கழிந்துவிட்டது. அந்தத் தந்திச் சேவையும் 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நிறுத்தப்பட்டது. 2016ஆம் ஆண்டு அறிமுகமான யூபிஐ பணப்பரிமாற்ற முறை சில ஆண்டுகளிலேயே தேநீர்க் கடைவரை பரவியபோது அவர் அறுபத்தைந்தைக் கடந்திருந்தார். ஒரு தலைமுறை கற்றுக்கொள்ள வேண்டிய மாற்றங்கள் அனைத்தும் அவர் ஓய்வை நாடும் வயதில் வந்து சேர்ந்தன.

அமெரிக்கக் கல்வி எழுத்தாளர் மார்க் பிரென்ஸ்கி 2001ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில், கணினிக் காலத்தில் பிறந்தோரை எண்ணிம உலகின் பிறவிக் குடிகள் என்றும், அதற்கு முன் பிறந்தோரை அவ்வுலகிற்குக் குடியேறியோர் என்றும் பிரித்துக் காட்டினார். உவமை பொருத்தமாகத் தோன்றியதால் உலகெங்கும் பரவியது. ஆனால், குடியேறியவர்கள் புதிய மொழியைக் கற்றுக்கொள்வார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். ‘அவங்களுக்கு இதெல்லாம் வராது’ என்று வீட்டில் எளிதாகச் சொல்லப்படும் சொல் அந்த மறதியின் உள்ளூர் வடிவம்.

வராது என்று சொல்லப்பட்டவை வந்த வரலாறு தமிழகத்திலேயே உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலும் அவ்வியக்கத்தின் பகுதியாயிற்று. வயல்வேலை செய்வோர், கல்குவாரிகளில் உழைப்போர், அங்கன்வாடிப் பணியாளர் எனப் பல்லாயிரக்கணக்கான ஊரகப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். தொடக்கத்தில் கேலி இருந்தது. விழுந்து எழுந்த காயங்களும் இருந்தன. ஆனால் தண்ணீர்க்குடத்தைக் கட்டிக்கொண்டு, பிள்ளையைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, பேருந்துக்குக் காத்திராமல் சந்தைக்குச் செல்ல முடிந்தபோது கேலி அடங்கியது. அன்று மிதிவண்டி ஏறிய இளந்தாயர் பலர் இன்று பாட்டிகளாகத் திறன்பேசியின்முன் அமர்ந்திருக்கின்றனர். கற்கத் தெரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல எவர்க்கும் நா எழாது.

கண்ணும் விரலும்

கற்பிக்கும் இளையோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது மூத்தோரின் உடலைப் பற்றியே ஆகும். நாற்பது வயதுக்குமேல் கண்வில்லையின் நெகிழ்ச்சி குறைவதால் அருகிலுள்ள சிற்றெழுத்துகள் கலங்கித் தெரிகின்றன. திறன்பேசியை வாங்கிய அன்றே எழுத்தின் அளவைப் பெரிதாக்கித் திரையின் ஒளியைக் கூட்டிவைத்தால், பாதித் தயக்கம் அங்கேயே நீங்கும். இதைச் செய்யாமலேயே “பார்த்துப் படிங்க தாத்தா” என்று அதட்டும் வீடுகள் பல.

விரலின் சிக்கல் இன்னும் நுட்பமானது. இன்றைய தொடுதிரைகள் அழுத்தத்தை உணர்வதில்லை. மனித உடல் மின்னூட்டத்தைக் கடத்துவதால், விரல் படும் இடத்தில் திரையின் மின்புலத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தையே அவை உணர்கின்றன. முதுமையில் தோல் வறண்டுபோகும். வறண்ட விரலின் தொடுகையைத் திரை சில வேளைகளில் அறிவதில்லை. திரை அசையாததைக் கண்ட முதியவர், பழைய பொத்தான்களிலும் மின்விசைகளிலும் பழகிய முறைப்படி இன்னும் அழுத்துகிறார். நெடுநேரம் அழுத்தியதும் திரை அதனை வேறொரு கட்டளையாக எடுத்துக்கொண்டு, கேளாத பட்டியல் ஒன்றைக் காட்டுகிறது. தவறு தம்முடையது என எண்ணி அவர் கருவியைக் கீழே வைத்துவிடுகிறார். ஈரத்துணியில் விரலைத் துடைத்துக்கொள்ளச் சொல்வதும், திரைமேல் ஒட்டிய தடித்த காப்புத்தாளை நீக்குவதும், அமைப்புகளில் உள்ள அணுகல்வசதிப் பகுதிக்குச் சென்று ‘தொட்டுப் பிடித்தல்’ நேரத்தை நீட்டித்துவைப்பதும் சிறு செயல்கள். இவற்றைச் செய்து பார்க்காமல் ஒருவரைக் கற்க இயலாதவர் என்று முடிவு கட்டக் கூடாது.

கல்லும் மண்ணும் சுமந்த கைகளில் ரேகைகளும் தேய்ந்துவிடுகின்றன. நியாயவிலைக் கடையில் விரல்ரேகைக் கருவி மீண்டும் மீண்டும் மறுக்கும்போது வரிசையில் நிற்போர் முணுமுணுக்கின்றனர். உழைத்துத் தேய்ந்த விரலுக்கு அது நேரும் அவமதிப்பு. கருவிழிப் பதிவு, முக அடையாளம் போன்ற மாற்று வழிகள் இருப்பதை முதியோர்க்கும் அவர்தம் வீட்டார்க்கும் சொல்லித்தருவதும் எண்ணிமக் கல்வியைச் சேர்ந்ததே.

மனத்தைப் பொறுத்தவரை, உளவியலறிஞர் ரேமண்ட் கேட்டல் அறிவுத்திறனை இரு வகையாகப் பகுத்தார். புதிய சிக்கலை விரைந்து அவிழ்க்கும் திறன் ஒன்று. வாழ்நாள் முழுவதும் சேர்த்துவைத்த அறிவைப் பயன்படுத்தும் திறன் மற்றொன்று. அகவை ஏறஏற முன்னது மெல்லக் குறைகிறது. பின்னது நெடுங்காலம் நிலைத்து நிற்கிறது. ஆகவே, ஒரு மணிநேரத்தில் இருபது செயல்களைக் காட்டுவது முதியவரின் வலுக்குறைந்த பக்கத்தில் பாரம் ஏற்றுவதாகும். அவர் முன்பே அறிந்த ஒன்றோடு புதியதை முடிச்சிட்டுக் காட்டுவதே அவரின் வலிமையைத் துணைக்கு அழைப்பதாகும்.

பொட்டு வைப்பதுபோல

காலாண்டு விடுமுறைக்குப் பேத்தி ஊருக்கு வருகிறாள். மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவி. தந்தை பயன்படுத்தி ஒதுக்கிய திறன்பேசியை அப்பத்தாவுக்கென்று கொண்டுவந்திருக்கிறாள்.

“இந்தக் கண்ணாடியத் தொட்டா உடைஞ்சிறாதா, தாயி?”

“உடையாது அப்பத்தா. ஆனா அழுத்தாதீங்க. மாவு பிசையிற மாதிரி வேணாம். நெத்தியில பொட்டு வைப்பீங்கள்ல, அந்த மாதிரி.”

அப்பத்தாவின் விரல் திரையில் பொட்டு வைத்தது. படம் திறந்தது.

ஒரு நல்ல உவமை பத்துப் பக்க விளக்கத்தின் வேலையைச் செய்துவிடுகிறது. பக்கவாட்டில் நகர்த்துவதற்கு அரிசியில் கல் பொறுக்கும்போது விரலால் தள்ளுவதைச் சொல்லலாம். ஒன்பது புள்ளிகளை இணைத்துத் திறக்கும் திரைப்பூட்டு, புள்ளிக்கோலம் இட்டுப் பழகிய கைக்குப் புதியதன்று. எழுத்தறியாத மூதாட்டியர் அதனைப் படித்த ஆடவரைவிட விரைவாகக் கற்றுக்கொள்ளக் கூடும். ‘பின்செல்’ என்னும் அம்புக்குறியை, வழி தவறினால் வந்த தடத்திலேயே திரும்புவது என்று விளக்கினால் போதும். அந்த ஒற்றைக் குறியை முதல் நாளிலேயே கற்பித்துவிட வேண்டும். எங்குச் சிக்கிக்கொண்டாலும் வீடு திரும்ப வழியுண்டு என்று அறிந்தவரே துணிந்து புறப்படுவார்.

கற்பிப்போர் செய்யும் பெருந்தவறு ஒன்றுண்டு. முதியவர் தடுமாறும் கணத்தில், “இங்க குடுங்க” என்று கருவியைப் பறித்துத் தாமே இரண்டு நொடியில் செய்துகொடுத்துவிடுவது அது. வேலை முடிந்துவிடும், கற்றல் நின்றுவிடும். அந்த வேகத்தில் எந்த இடத்தைத் தொட்டார்கள் என்பதைப் பார்க்கக்கூட அவரால் இயலாது. இளையோரின் விரல் நினைவின்றியே இயங்குகிறது. ஏன் அங்குத் தொட்டோம் என்று கேட்டால் அவர்களுக்கே விடை தெரிவதில்லை. கருவி கற்பவர் கையிலேயே இருக்க வேண்டும். கற்பிப்பவரின் கைகள் மடியில் இருக்க வேண்டும். வாய் மட்டும் பேச வேண்டும். இது கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஒருநாள் முயன்று பார்த்தால்தான் எவ்வளவு பொறுமை தேவை என்பது விளங்கும்.

முதியோர் கல்வியைப் பற்றி விரிவாக எழுதிய மால்கம் நோல்ஸ், வளர்ந்தவர்கள் தமக்கு உடனடியாகத் தேவைப்படுவதையே ஆர்வத்தோடு கற்பர் என்றார். கருவியின் பகுதிகள், இணையத்தின் வரலாறு எனத் தொடங்கும் பாடத்திட்டம் அவர்களிடம் எடுபடாது. ஒருவர்க்கு வெளிநாட்டிலுள்ள மகனின் முகத்தைப் பார்க்க வேண்டும். மற்றொருவர்க்குப் பழைய திரைப்பாடல் வேண்டும். வேறொருவர்க்கு நெல் கொள்முதல் விலை வேண்டும். அப்பத்தாவுக்குத் தம் கணக்கில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிய வேண்டும். எது வேண்டுமோ அதுவே முதற்பாடம்.

குறிப்பேடு ஒன்றும் துணைநிற்கும். படிக்கத் தெரிந்தவர் தம் கையெழுத்தில், தம் சொற்களில் படிகளை எழுதிக்கொள்ள வேண்டும். படிக்க இயலாதவர்க்குப் படமாக வரைந்து தரலாம். பேரப்பிள்ளை எழுதித் தந்த குறிப்பைவிடத் தாத்தா தாமே எழுதிய ‘பச்சைப் பெட்டி, அப்புறம் மீன் கொக்கி மாதிரி ஒன்று’ என்னும் குறிப்பு அவர்க்கு நன்கு விளங்கும். செயலி புதுப்பிக்கப்பட்டு அந்தக் கொக்கி வேறிடம் சென்றுவிடுவதும் உண்டு. செயலிகளை உருவாக்குவோர்க்கு அது சிறு மாற்றம். கற்றவரோ மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

மொழி என்னும் வாயில்

திறன்பேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டால் எல்லாம் எளிதாகிவிடும் என எண்ணுவது முழு உண்மையன்று. சில செயலிகளின் தமிழ், சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டதாக இருப்பதால், தமிழாசிரியர்க்கே இருமுறை படித்தால்தான் பொருள் விளங்குகிறது. ‘உள்நுழை’ என்னும் கட்டளையைக் கண்டு எதனுள் நுழைவது என்று ஒரு முதியவர் கேட்டால் அவர் கேள்வியில் நியாயம் உண்டு. பழகிய சொல்லும் படக்குறியும் சேர்ந்தே உதவுகின்றன.

பெரிய திறப்பு குரலால் நேர்ந்தது. ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால், கருவி அதனை எழுத்தாக மாற்றுகிறது. கேட்டதைத் தேடித் தருகிறது. புலனத்தில் குரல்பதிவாகவே செய்தி அனுப்பலாம். எழுதப் படிக்கத் தெரியாமையால் கல்விக்கூடங்களின் வாயிலிலேயே நின்றவர்கள், இவ்வழியில் முதன்முறையாகத் தகவல் உலகிற்குள் தாமே நுழைய முடிகிறது. வட்டார வழக்கைக் கருவி சில வேளைகளில் தவறாகப் புரிந்துகொள்ளும். அப்பத்தா ‘மானாமதுரை பஸ்’ என்று கேட்டதற்கு மானைக் காட்டினாலும் வியப்பதற்கில்லை. கருவியும் தவறு செய்யும் என்று சிரித்துக்கொள்ளும் அந்தக் கணம் கற்பவர்க்குப் பெரிய ஆறுதல்.

தெரிந்து தெளிவோம்

ஜப்பானைச் சேர்ந்த மசாகோ வகாமியா 1935ஆம் ஆண்டு பிறந்தவர், வங்கியில் பணியாற்றியவர். ஓய்வுபெறும் வயதில்தான் கணினியை வாங்கிப் பழகினார். முதியோர்க்கேற்ற விளையாட்டுச் செயலிகள் இல்லையே என்று இளம் நிரலர் ஒருவரிடம் அவர் சொன்னபோது, நீங்களே உருவாக்கலாமே என்று விடை வந்தது. நிரலாக்கம் கற்று, 2017ஆம் ஆண்டு, தம் 81ஆம் வயதில் ‘ஹினாடான்’ என்னும் செயலியை வெளியிட்டார். மார்ச்சு 3ஆம் நாள் ஜப்பானியர் கொண்டாடும் பொம்மைத் திருவிழாவில், நம் நவராத்திரிக் கொலுவைப்போலப் படிகளில் பொம்மைகளை அடுக்குவர். அப்பொம்மைகளை முறைப்படி அடுக்குவதே அவ்விளையாட்டு. முதிய விரல்களுக்கு இழுத்து நகர்த்துவது கடினம் என்பதை அறிந்து, தட்டினாலே போதும் என அதனை அமைத்தார். அதே ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் உலக நிரலர் மாநாட்டிற்கு அவரை அழைத்தது.

அச்சம் எங்குத் தொடங்குகிறது?

முதியோர் வகுப்புகள் சிலவற்றில் முதல் மணிநேரம் முழுவதும் இணைய மோசடிகளைப் பட்டியலிடுவதில் கழிகிறது. நோக்கம் நல்லதே. ஆனால், நீச்சல் கற்க வந்தவரிடம் மூழ்கி இறந்தோர் கதைகளை முதலில் சொன்னால் அவர் குளத்தில் இறங்கமாட்டார். ஒரு செயலைத் தாமே செய்து மகிழ்ந்த பின்னர், இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ காவலைக் கற்பிப்பதே தக்கது. அதற்குமேல் தாழ்த்துவதும் தவறாகும்.

காவல் விதிகள் சிலவாகவும் உறுதியாகவும் இருத்தல் வேண்டும். பணத்தைப் பெறுவதற்கு யூபிஐ இரகசிய எண் தேவையே இல்லை. அனுப்பவும் இருப்பைப் பார்க்கவுமே அது தேவை. ஆகவே, ‘உங்களுக்குப் பரிசு வந்திருக்கிறது, எண்ணை அழுத்துங்கள்’ என எவர் சொன்னாலும் அது பொய். ஒருமுறைக் கடவுச்சொல்லை வங்கி ஊழியர் எவரும் தொலைபேசியில் கேட்பதில்லை. காவல்துறையினர் என்று சொல்லிக்கொண்டு காணொளி அழைப்பில் தோன்றி, ‘டிஜிட்டல் கைது’ செய்திருப்பதாகவும் எவரிடமும் பேசக் கூடாது என்றும் மிரட்டுவோர் பெருகியுள்ளனர். அத்தகைய கைது நாட்டின் எந்தச் சட்டத்திலும் இல்லை. சீருடையைக் கண்டால் எழுந்து நிற்கும் தலைமுறையினர் என்பதை அறிந்தே அவர்களைக் குறிவைக்கின்றனர். பணம் போய்விட்டதாக அறிந்தவுடன் 1930 என்னும் எண்ணை அழைத்துத் தெரிவிக்க வேண்டும். விரைந்து தெரிவிக்குந்தோறும், பணம் பல கணக்குகளுக்குக் கைமாறுமுன் முடக்கிவைக்கும் வாய்ப்பு மிகுதி.

ஆனால், ஏமாந்த முதியோர் பலர் உடனே தெரிவிப்பதில்லை. காரணம் அறியாமை மட்டுமன்று. வீட்டாரின் வசை மீதான அச்சமும்தான். “உங்களுக்கு எதுக்கு இந்த போனு?” என்ற கேள்வி காத்திருக்கிறது என்பதை அறிந்தவர் இழப்பை மறைக்கிறார், மறைத்த நாள்களில் மிச்சமிருந்த வழியும் அடைபடுகிறது. மகன் சினந்து பேசும் வீட்டில் மோசடிக்காரனுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. ஆகவே, காவலைக் கற்பிக்கும் நாளில் வீட்டாரும் அருகில் அமர்ந்து ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும்: எது நேர்ந்தாலும் முதலில் எங்களிடம் சொல்லுங்கள், திட்டமாட்டோம் என்று வாய்விட்டுச் சொல்வது.

அறுபது என்னும் வேலி

ஊரக மக்களுக்கு எண்ணிம எழுத்தறிவு அளிப்பதற்காக 2017ஆம் ஆண்டு இந்திய அரசு ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கியது. ஆறு கோடி ஊரகக் குடும்பங்களில் குடும்பத்திற்கு ஒருவரைப் பயிற்றுவிப்பது அதன் இலக்கு. பயிற்சிக்காலம் 20 மணிநேரம். கோடிக்கணக்கானோர் பயன்பெற்ற அத்திட்டத்தில் சேர்வதற்குரிய வயது 14 முதல் 60 வரை என வரையறுக்கப்பட்டிருந்தது. குடும்பத்தில் ஒருவர் கற்றால் மற்றவர்க்கு அவர் கற்பிப்பார் என்பது திட்டமிட்டோரின் நம்பிக்கை. முதியோர் ஓய்வூதியத்தையும் வாழ்வுச் சான்றையும் கணினிக்கு மாற்றிய அதே காலத்தில், அதற்கான பயிற்சியின் வாயிலில் அறுபது என்னும் வேலி நின்றது முரணே.

கேரளம் வேறு வழியில் சென்றது. திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சி, தன் மக்களுள் எண்ணிமக் கருவிகளை அறியாதவரைக் கணக்கெடுத்து, அவர்தம் இடத்திற்கே சென்று கற்பித்தது. ஊரக வேலையுறுதித் திட்டப் பணியிடங்களில், உழைப்பாளர் ஓய்வெடுக்கும் நேரத்திலும் வகுப்பு நடந்தது. மாணவரும் குடும்பஸ்ரீ மகளிரும் ஆசிரியராயினர். 2022ஆம் ஆண்டு அவ்வூராட்சி முழு எண்ணிம எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அம்முறை பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்து, ஏறத்தாழ 22 இலட்சம் பேரைச் சென்றடைந்தது; 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மாநில அளவிலான அறிவிப்பும் வெளிவந்தது. மேல்வயது வரம்பு வைக்கப்படாமையால் நூறு வயது கடந்தவரும் கற்றோர் வரிசையில் இடம்பெற்றார். கற்போரை வகுப்பறைக்கு வரச் சொல்லாமல் வகுப்பறை அவர்களிடம் சென்றதே இதில் கருதத்தக்க செய்தி.

சிங்கப்பூரிலும் 2020ஆம் ஆண்டு முதல் அரசு அமர்த்திய பயிற்றுநர்கள் நூலகங்களிலும் சமூக மன்றங்களிலும் முதியோர்க்குத் திறன்பேசிப் பயன்பாட்டைக் கற்பித்து வருகின்றனர்.

மூடக் கூடாத சாளரம்

கற்பிப்பது எவ்வளவு தேவையோ, கற்க விரும்பாதவரை மதிப்பதும் அவ்வளவு தேவை. பார்வை மங்கியவர், கை நடுங்குபவர், நினைவு தளர்ந்தவர், வேண்டாம் என்று தெளிவாகச் சொல்பவர் ஆகியோர்க்கு வங்கியின் சாளரமும் அதன் பின்னே ஒரு மனிதரும் இருந்தாக வேண்டும். ஓய்வூதியர் ஒவ்வோராண்டும் நவம்பர் மாதத்தில் தாம் உயிரோடிருப்பதைச் சான்றளிக்க வேண்டியிருந்தது. நடக்க இயலாதவரையும் தூக்கிச் சென்று வங்கியில் அமர்த்திய காட்சிகள் அன்று இயல்பு. 2014ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கிய ‘ஜீவன் பிரமாண்’ என்னும் எண்ணிம வாழ்வுச் சான்று அத்துன்பத்தைக் குறைத்தது. இன்று அஞ்சல்காரர் தம் கருவியோடு வீட்டு வாயிலுக்கே வந்து அதனைப் பதிவுசெய்து தரும் வசதியும் உண்டு. முதியவர் திரையைத் தொடவே தேவையில்லை. இணைய வசதியற்ற எளிய கைப்பேசி வழியே பணம் செலுத்த 2022ஆம் ஆண்டு யூபிஐ 123பே அறிமுகமாயிற்று. கருவியை மனிதனுக்கு ஏற்ப வளைத்த இத்தகைய முயற்சிகள் இன்னும் பெருகுதல் வேண்டும்.

தந்தைக்கு மகன் பொருள் உரைத்த சுவாமிமலைக் கதையைத் தமிழகம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. தகப்பன்சாமி என்று மகனைக் கொண்டாடுகிறோம். அக்கதையில் பணிந்து அமர்ந்து கேட்ட தந்தையின் செயல் அரிதினும் அரிது. பிள்ளைகளுக்குச் சோறூட்டிய கை, அப்பிள்ளைகளின் பிள்ளைகளிடம் ஒரு விரலசைவைக் கற்க நீள்கிறது. கற்பிக்கும் இளையோர் குரலில் சலிப்பு ஒருமுறை தோன்றினாலும் அந்தக் கை பின்வாங்கிவிடும்.

விடுமுறை முடிவதற்கு இரண்டு நாள் இருந்தது. வங்கிக்குச் சென்று அட்டையின் பழைய இரகசிய எண்ணை மாற்றியாயிற்று. உறையில் எழுதியிருந்ததை அப்பத்தா நகத்தால் சுரண்டி அழித்திருந்தார். அன்று மாதத்தின் முதல் வாரம். திறன்பேசி ஒலித்தது. அவர் திண்ணையில் அமர்ந்து, புடைவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு, கோலமிட்டுப் பூட்டைத் திறந்தார். செயலிப் படத்தில் பொட்டு வைத்தார். திரை எண்களைக் கேட்டது. பேத்தி எட்டிப் பார்த்தாள்.

“அங்கிட்டுத் திரும்பிக்க, தாயி. நம்பரை யாரும் பாக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன?”

அவள் திரும்பிக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்தபடி நின்றாள். சற்று நேரம் ஓசையில்லை. பின்னர், சந்தையில் கணக்குச் சொல்லும் குரலில் அப்பத்தா ஒவ்வோர் எண்ணாக வாசித்தார்.

“ஒண்ணு. ரெண்டு. முட்டை. முட்டை. முழுசா ஏறியிருக்கு. நாளைக்கு மிசினுக்கு நாமளே போவோம்.”

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள மூத்தோர் ஒருவர்க்குத் திறன்பேசியில் ஒரே ஒரு செயலைக் கற்பிக்க. கருவியை ஒருமுறையும் நீங்கள் வாங்காமல் கற்பித்த பட்டறிவை வகுப்பில் பகிர்க.

2. தொடுதல், நீண்டநேரம் தொடுதல், தள்ளுதல், பின்செல்லுதல் ஆகியவற்றை விளக்க உங்கள் ஊர் வழக்கிலிருந்து உவமைகளைத் திரட்டுக.

3. ‘வங்கிச் சேவை முழுவதும் எண்ணிமமாக மாறுவது முதியோர்க்கு நன்மையே’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக. மூத்தோர் ஒருவரை நடுவராக அமர்த்துக.